கரிசல் நிலத்தில் மீன் குட்டை

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம் ஆகிய ஊர்களைச் சுற்றிப் பரந்து கிடப்பது கரிசல் பூமி. வற்றாத ஆற்றின் பாசனம் இங்கே இல்லை. வைப்பாறு ஓடினாலும் ஆண்டின் பெரும்பகுதி அதில் மணலே தெரியும். பருத்தியும் சோளமும் கம்பும் உளுந்தும் வானத்தை நம்பியே விளைகின்றன. இந்த மானாவாரிச் சாகுபடியை ஆராய்வதற்காகவே 1901ஆம் ஆண்டிலிருந்து கோவில்பட்டியில் வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் ஒன்று இயங்கி வருகிறது என்றால், நீரின் அருமை இவ்வட்டாரத்தில் எத்தகையது என்பதை நாம் உணரலாம்.

பெய்கின்ற மழையை நிலத்திலேயே தேக்கிக்கொள்ள, குடியானவர்கள் பலர் தோட்டத்து மூலையிலும் வீட்டுப் புறக்கடையிலும் குட்டை வெட்டி வருகின்றனர். பயிர் வாடும் வேளையில் ஒரு தண்ணீர் பாய்ச்சவும், ஆடு மாடுகளுக்குக் கொடுக்கவும் அந்நீர் பயன்படுகிறது. அதே நீரில் மீனும் வளர்த்தால் குடும்பத்துக்குச் சத்துள்ள உணவு கிடைக்கும். ஆனால் ஆண்டு முழுவதும் நீர் நிற்கும் தஞ்சைக் குளத்துக்கு ஏற்ற முறையைக் கரிசல் குட்டையில் அப்படியே பின்பற்றினால் மிஞ்சுவது ஏமாற்றமே. இங்கே குட்டையில் நீர் நிற்பது ஐந்து அல்லது ஆறு மாதமே. ஆகையால் குட்டை நிரம்பித் ததும்பும் நாளை வைத்துத் திட்டமிடாமல், நீர் வற்றப்போகும் கடைசி மாதத்தை வைத்தே திட்டமிட வேண்டும். எவ்வளவு ஆழம் வெட்டுவது, எத்தனை குஞ்சு விடுவது, எப்போது பிடிப்பது என்பன யாவும் அந்த ஒரு கணக்கிலிருந்தே பிறக்கும்.

வரும் நீரின் கணக்கு

கோவில்பட்டி வட்டாரத்தில் ஆண்டு மழை சராசரியாக 700 மில்லிமீட்டரை ஒட்டியே பெய்கிறது. அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவக் காற்றால் கிடைப்பது. இப்பருவத்தில் 400 மில்லிமீட்டர் பெய்வதாகவும், அதில் பத்தில் ஒரு பங்கு நிலத்தில் ஊறாமல் வழிந்தோடுவதாகவும் வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஓடிவரும் நீர் 40 மில்லிமீட்டர். ஓர் ஏக்கர் நிலத்தில் ஒரு மில்லிமீட்டர் உயரம் நிற்கும் நீர் 4,047 லிட்டர். எனவே ஓர் ஏக்கரிலிருந்து குட்டைக்கு வந்து சேர்வது சுமார் 1,60,000 லிட்டர்.

இனி, வெட்டப்போகும் குட்டை எவ்வளவு நீர் கொள்ளும் என்று பார்ப்போம். மேல்மட்டத்தில் 20 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும், 2 மீட்டர் ஆழமும் உள்ள குட்டையை உதாரணமாகக் கொள்வோம். ஒரு மீட்டர் ஆழத்துக்கு ஒன்றரை மீட்டர் வீதம் நான்கு பக்கமும் சாய்வு விட்டால், அடித்தளம் 14 மீட்டர் நீளமும் 9 மீட்டர் அகலமுமாகக் குறுகிவிடும். இக்குட்டை ஏறக்குறைய 4,14,000 லிட்டர் நீர் கொள்ளும். இதனை நிரப்ப இரண்டரை ஏக்கருக்குக் குறையாத நிலத்தின் நீர் வந்து சேர வேண்டும். அரை ஏக்கர் நிலத்தின் நீர் மட்டுமே வரக்கூடிய இடத்தில் இவ்வளவு பெரிய குட்டையை வெட்டினால், மண் வெட்டிய கூலியே வீண். நிலத்தின் அளவுக்கு ஏற்ற குட்டையே போதும்.

சராசரிக் கணக்கை மட்டும் நம்பி இருந்துவிடவும் கூடாது. 2016ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை வழக்கமான அளவில் பாதியைக் கூட எட்டவில்லை. அதற்கு நேர்மாறாக, 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டத்தில் பெருமழை கொட்டியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. ஓர் ஆண்டில் வராத நீரும், மற்றோர் ஆண்டில் ஒரே இரவில் வரும் நீரும் நம் குட்டைக்கு உரியவையே. முதலாவதற்கு அஞ்சிச் செலவைச் சுருக்க வேண்டும். இரண்டாவதற்கு அஞ்சி மறுகாலை வலுவாக அமைக்க வேண்டும்.

போகும் நீரின் கணக்கு

வந்த நீர் அப்படியே நிற்பதில்லை. வெயிலும் காற்றும் நாள்தோறும் மேல்மட்டத்திலிருந்து நீரை உறிஞ்சிக்கொள்கின்றன. மார்கழியில் இந்த ஆவி இழப்பு குறைவு. பங்குனி, சித்திரையில் மிகுதி. சராசரியாக நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் என்று கொள்ளலாம். நன்கு கெட்டித்த கரிசல் குட்டையிலும் ஓரளவு கசிவு உண்டு. அதனை நாளொன்றுக்கு 3 மில்லிமீட்டர் என்று கொள்வோம். டிசம்பர் நடுவில் நிரம்பிய குட்டை ஏப்ரல் முடிவில் 1 மீட்டர் 10 சென்டிமீட்டர் இறங்கியிருக்கும். பயிருக்கு ஒரு குடம் நீர் எடுக்காவிட்டாலும் எஞ்சுவது 90 சென்டிமீட்டரே.

இங்கே கவனிக்கத்தக்க உண்மை ஒன்று உண்டு. பக்கங்கள் சாய்வாக இருப்பதால், நீர்மட்டம் இறங்க இறங்க நீரின் பரப்பும் சுருங்குகிறது. 300 சதுர மீட்டராக இருந்த பரப்பு ஏப்ரல் முடிவில் 195 சதுர மீட்டராகிவிடும். 4,14,000 லிட்டராக இருந்த நீர் 1,43,000 லிட்டராகிவிடும். ஆழம் பாதிக்குச் சற்றுக் கீழே வந்திருக்கும்போது, நீரோ மூன்றில் ஒரு பங்கே இருக்கிறது. மீன்களோ இதற்குள் பல மடங்கு பருத்திருக்கும். தொடக்கத்தில் தாராளமாக இருந்த இடம் கடைசியில் நெருக்கடியாகி விடுவதன் காரணம் இதுவே. கோடையில் மீன் செத்து மிதப்பதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம்.

இடமும் மண்ணும்

குட்டை வெட்டும் இடம் நிலத்தின் தாழ்ந்த பகுதியாக இருத்தல் வேண்டும். எனினும் ஓடையின் நேர் பாதையில் வெட்டலாகாது. வெள்ளம் வரும்போது கரையும் மீனும் சேர்ந்தே போய்விடும். ஓடைக்குச் சற்று விலகி, வாய்க்கால் மூலம் வேண்டிய நீரை மட்டும் திருப்பிக்கொள்ளும்படி அமைப்பது நன்று. பூச்சிமருந்து தெளிக்கும் பருத்தி, மக்காச்சோள நிலத்தின் நீர் நேரே குட்டையில் விழாதபடியும் பார்த்துக்கொள்ள வேண்டும். பயிரின் புழுவைக் கொல்லும் மருந்து மிகச் சிறிய அளவிலேயே மீனையும் கொல்லவல்லது. சாக்கடை, தொழுவத்துக் கழிவு ஆகியவற்றுக்கும் குட்டைக்கும் தொடர்பு இருத்தலாகாது. வெயில் விழும் இடமாக இருக்கட்டும். மரநிழல் ஆவி இழப்பைச் சிறிது குறைக்குமாயினும், உதிரும் இலைகள் நீரில் அழுகிக் காற்றுச் சத்தைக் குறைத்துவிடும்.

கரிசல் மண்ணில் களிப்பங்கு மிகுதி. ஈரம் பட்டால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். ஈரத்தில் இருக்கும்வரை அது நீரை நன்கு தாங்கும். ஆயினும் பல இடங்களில் மேலே இரண்டு மூன்று அடி கரிசலும், அதன் கீழே சுண்ணாம்புக் கட்டிகள் கலந்த சுக்கான் படிவமும் இருப்பதுண்டு. கரிசலை முழுவதும் வெட்டி எடுத்துவிட்டுச் சுக்கானைத் தொட்டுவிட்டால், குட்டை சல்லடையாகிவிடும். இடையிடையே செவல் மண் திட்டுகளும் உண்டு. அவையும் நீரை எளிதில் உறிஞ்சும்.

ஆகவே வெட்டுவதற்கு முன் சோதனைக் குழி எடுத்தல் இன்றியமையாதது. குட்டை வரவேண்டிய ஆழத்துக்கு மேலும் ஓர் அடி ஆழமாக இரண்டு அல்லது மூன்று இடங்களில் குழி தோண்டி, ஒவ்வோர் அடியிலும் மண்ணைப் பார்க்க வேண்டும். பின்னர் குழியில் நீர் ஊற்றிப் பார்க்க வேண்டும். முதல் முறை ஊற்றிய நீர் விரைவில் மறைந்தால் அதைக் கொண்டு முடிவுக்கு வரலாகாது. காய்ந்த கரிசலின் வெடிப்புகள் முதல் நீரைக் குடித்துவிடும். மண் ஊறி உப்பி வெடிப்புகள் அடைபட்ட பிறகு, மறுநாள் மாலை மீண்டும் நிரப்பி, அடுத்த நாள் காலையில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அளவிட வேண்டும். பெரும்பகுதி நின்றால் இடம் தகுதியானது. நீர் ஓரிரவில் ஒழிந்துபோனால் வேறிடம் பார்ப்பதே சிக்கனம். வேறிடம் இல்லையெனில், வெட்டி எடுத்த கரிசலையே அடித்தளத்திலும் பக்கங்களிலும் ஓர் அடி கனத்துக்குப் பரப்பி, ஈரப்படுத்தித் திமிசு போட்டுக் கெட்டிக்க வேண்டும்.

வெட்டும் முறை

சித்திரை முதல் ஆனி வரை வெட்டுவதற்கு உகந்த காலம். அக்காலத்தில் நிலம் காய்ந்திருக்கும், வேலையாட்களும் கிடைப்பர். குட்டை வெட்டும்போது நான்கு செய்திகளை மறக்கலாகாது.

முதலாவது, பக்கச் சாய்வு. செங்குத்தாக வெட்டிய கரிசல் சுவர் முதல் மழையிலேயே சரிந்துவிடும். ஒரு மீட்டருக்கு ஒன்றரை மீட்டர் சாய்வு குறைந்த அளவு. இரண்டு மீட்டராக இருப்பின் மேலும் உறுதி.

இரண்டாவது, கரை. வெட்டிய மண்ணைக் குழியின் விளிம்பிலேயே குவித்தால் அதன் பாரம் பக்கத்தைச் சரித்துவிடும். விளிம்புக்கும் கரைக்கும் இடையில் ஒரு மீட்டர் வெற்றிடம் விட வேண்டும். கரையை அரையடி அரையடியாகப் பரப்பிக் கெட்டிக்க வேண்டும். கட்டி கட்டியாகக் கொட்டி விட்ட கரிசல் கரை கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். அடுத்த மழையில் அந்த வெடிப்பின் வழியே நீர் புகுந்து கரையை அறுத்துவிடும். கரையின் தலைப்பில் சரள் மண் பரப்பி, பக்கங்களில் அருகம்புல்லோ வெட்டிவேரோ நட்டுவிட்டால் மண் பிடிப்புடன் நிற்கும். கரையில் சீமைக் கருவேலை முளைக்க விடலாகாது.

மூன்றாவது, நீர்வரத்து. வாய்க்கால் குட்டைக்குள் விழும் முன்பாக, இரண்டு மீட்டர் சதுரத்தில் ஒரு சிறு வண்டல் குழி அமைக்க வேண்டும். ஓடிவரும் நீர் அங்கே தங்கி, மண்ணைக் கீழே விட்டுவிட்டுக் குட்டைக்குள் செல்லும். வாய்க்காலின் கடைசிப் பத்து அடியில் புல் வளர்த்தால் மேலும் நன்று. நுழைவாயிலில் நெருக்கமான வலை கட்டுதல் வேண்டும். இல்லையேல் ஓடையிலிருந்து விராலும் கெளுத்தியும் புகுந்து, நாம் விடும் குஞ்சுகளைத் தின்றுவிடும்.

நான்காவது, மறுகால். மிகுதியான நீர் கரையின் மேலேறிப் போகாமல், கல் பதித்த அகன்ற தாழ்வழியாக வெளியேற வேண்டும். மறுகாலின் மட்டம் கரையின் தலைப்புக்கு ஓர் அடி அல்லது ஒன்றரை அடி கீழே இருக்கட்டும். அதற்கும் வலை வேண்டும். அந்த வலையில் சருகு சேர்ந்து அடைத்துக்கொண்டால் கரையே உடையுமாதலால், மழை நாட்களில் அதனை அடிக்கடி சுத்தம் செய்ய வேண்டும்.

இவற்றோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய கடமை ஒன்றும் உண்டு. புறக்கடைக் குட்டை வீட்டுக்கு அருகில் இருப்பது. குழந்தைகள் விளையாடும் இடம். ஈரக் கரிசல் வழுக்கும் தன்மையுடையது. உள்ளே விழுந்தவர் சாய்வில் கால் ஊன்றி ஏற முடியாது. ஆகையால் சுற்றிலும் முள்வேலி, ஒரு பக்கம் கல் படி, கரையில் கட்டிய உறுதியான கயிறு ஆகிய மூன்றும் இல்லாமல் குட்டையில் நீர் நிரப்பலாகாது. கால்நடைகளுக்கு வெளியே தொட்டி வைத்து நீர் வார்ப்பதே முறை. மாடுகள் உள்ளே இறங்கினால் கரை சிதையும், நீரும் கலங்கும்.

புதுக் குட்டையைப் பக்குவப்படுத்துதல்

புதிதாக வெட்டிய குட்டையில் மீனுக்கு இரையாகும் உயிர்ச்சத்து எதுவும் இல்லை. அது வெறும் பச்சை மண். குஞ்சு விடுவதற்கு முன் அதனைப் பக்குவப்படுத்த வேண்டும்.

முதல் மழையில் அடித்தளத்தில் அரையடி நீர் நின்றதும், மாடுகளை விட்டோ இயந்திரக் கலப்பையாலோ, நெல் வயலில் சேறடிப்பது போலச் சேறடிக்க வேண்டும். களிமண் கரைந்து வெடிப்புகளிலும் துளைகளிலும் படிந்து அடைத்துக்கொள்ளும். கசிவைக் குறைக்கும் வழிகளில் செலவு குறைந்தது இதுவே.

மீன் குளத்துக்குச் சுண்ணாம்பு இட வேண்டும் என்று பொதுவாகக் கூறுவதுண்டு. புளிப்புத் தன்மையுள்ள மண்ணுக்கு அது பொருந்தும். நம் கரிசலில் இயற்கையாகவே சுண்ணாம்புச் சத்து உண்டு. பெரும்பாலும் காரத் தன்மையே மிகுந்திருக்கும். எனவே மண்ணையும் நீரையும் சோதித்துப் பாராமல் இங்கே சுண்ணாம்பு இடுவது தேவையற்ற செலவு. சில வேளைகளில் தீங்கும் ஆகும். கிணற்று நீரை விட்டுக் குட்டையை நிரப்ப எண்ணுவோரும் முதலில் அந்நீரைச் சோதித்தறிதல் வேண்டும். உவர்ப்பு மிகுந்த கிணறுகள் இவ்வட்டாரத்தில் பல உள்ளன.

கரிசல் குட்டைக்கு உரிய தனித் தொல்லை கலங்கல். களித்துகள் நீரில் மிதந்துகொண்டே இருப்பதால் வெயில் உள்ளே இறங்காது. வெயில் இறங்காவிடின் பசுமையான நுண்பாசி வளராது. நுண்பாசி இல்லையேல் மீனுக்கு இயற்கை இரையும் இல்லை. பகலில் நீரில் கலக்க வேண்டிய பிராணவாயுவும் இல்லை. ஒரு கண்ணாடிக் குப்பியில் குட்டை நீரை எடுத்து ஓரிரவு அசையாமல் வைத்துப் பாருங்கள். காலையில் மேல்நீர் தெளிந்திருந்தால், வண்டல் குழியும் புல்லும் சேர்ந்தே கலங்கலைப் போக்கிவிடும். தெளியாமல் இருந்தால், மற்றொரு குப்பியில் சிட்டிகை ஜிப்சம் கலந்து பார்க்க வேண்டும். அதில் தெளிந்தால், குட்டைக்கு இட வேண்டிய ஜிப்சத்தின் அளவை மீன்வளத் துறையினரிடமோ வேளாண்மை அலுவலரிடமோ கேட்டறிந்து இடலாம்.

குட்டையில் ஒரு மீட்டர் நீர் சேர்ந்து கலங்கல் அடங்கியதும், பரப்பில் சென்ட் ஒன்றுக்குச் சுமார் 10 கிலோ வீதம் மக்கிய சாணத்தை நீரில் கரைத்துத் தெளிக்க வேண்டும். நம் உதாரணக் குட்டையின் மேற்பரப்பு ஏழரை சென்ட்டுக்குச் சற்றுக் குறைவு. ஆக, 70 அல்லது 75 கிலோ சாணம் போதும். பத்துப் பதினைந்து நாட்களில் நீர் இளம்பச்சை நிறம் கொள்ளும். முழங்கை வரை கையை நீரில் அமிழ்த்தினால் உள்ளங்கை மங்கலாக மறைய வேண்டும். இதுவே குஞ்சு விடுவதற்கு உரிய பக்குவம். உள்ளங்கை தெளிவாகத் தெரிந்தால் இரை போதாது. முழங்கைக்கு வெகு முன்பே பச்சை நிறத்தில் மறைந்துவிட்டால் உரம் மிகுந்துவிட்டது என்று பொருள்.

எந்த மீன், எத்தனை, எப்போது?

கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய மூன்றும் நம் நாட்டின் பெரிய கெண்டை இனங்கள். கட்லா மேல்மட்டத்திலும், ரோகு நடுமட்டத்திலும், மிர்கால் அடிமட்டத்திலும் இரை தேடும். ஒன்றின் உணவை மற்றொன்று பறிப்பதில்லை. ஒரே குளத்தில் பல மட்டத்து மீன்களைச் சேர்த்து வளர்க்கும் இம்முறையைச் சீனர்கள் நெடுங்காலத்துக்கு முன்பே கையாண்டனர். இக்கெண்டைகள் ஓடும் ஆற்றில் முட்டையிடுபவை. குளத்தில் தாமாக முட்டையிடமாட்டா. 1957ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள், ஒடிசாவில் ஹீராலால் சௌதுரி அவர்களும் அவருடன் பணியாற்றிய அறிஞர்களும், மீனின் மூளையடிச் சுரப்பியின் சாற்றை ஊசியால் செலுத்திக் கெண்டைகளை முட்டையிடச் செய்து வெற்றி கண்டனர். ஆற்றில் வலை வீசிக் குஞ்சு தேடும் நிலை மாறி, பண்ணையில் நல்ல குஞ்சு விலைக்குக் கிடைக்கும் நிலை அன்று பிறந்தது. அந்நாளே இன்று தேசிய மீன் வளர்ப்போர் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

சாதாக் கெண்டை விரைவில் வளரும் என்பது உண்மை. ஆயினும் அது அடிச்சேற்றைக் கிளறும் இயல்புடையது. ஏற்கெனவே கலங்கும் கரிசல் குட்டைக்கு மிர்காலே ஏற்றது. 1952ஆம் ஆண்டில் நம் நாட்டுக்குக் கொணரப்பட்ட ஜிலேபிக் கெண்டை குட்டையிலேயே ஓயாமல் பெருகி, எல்லாம் சிறுமீனாகவே நின்றுவிடும். அதன் மேம்பட்ட புது இனங்களை வளர்க்க விரும்புவோர், மீன்வளத் துறையின் விதிகளைக் கேட்டறிந்து, ஆண் குஞ்சுகளை மட்டும் அனுமதி பெற்ற பண்ணையிலிருந்தே வாங்க வேண்டும். ஆப்பிரிக்கக் கெளுத்தியை எக்காரணம் கொண்டும் விடலாகாது. அது தடை செய்யப்பட்ட இனம். மறுகால் வழியே ஊர்க் கண்மாய்க்குள் புகுந்தால் நாட்டு மீன்களையே அழித்துவிடும்.

ஆண்டு முழுவதும் நீர் நிற்கும் குளத்தில் சென்ட்டுக்கு 20 குஞ்சு விடுவது வழக்கம். நிரம்பிய நாளின் பரப்பைப் பார்த்தால் நம் குட்டைக்கு 148 குஞ்சு என்று கணக்கு வரும். இந்தக் கணக்கில்தான் பலர் தவறுகின்றனர். ஏப்ரல் முடிவில் எஞ்சும் 195 சதுர மீட்டர், ஐந்து சென்ட்டுக்கும் குறைவு. அதற்கு உரியவை 95 குஞ்சுகளே. கட்லா 40, ரோகு 30, மிர்கால் 25 என்று பிரித்து விடலாம்.

சிறு குஞ்சுகளைக் கண்டு மயங்கவும் கூடாது. அவை விலை மலிவு. ஆயின் அவை உண்ணும் அளவு மீனாவதற்கு முன் நம் நீர் தீர்ந்துவிடும். விரலிகள் எனப்படும் விரல் நீளக் குஞ்சுகளையும், கிடைக்குமாயின் அவற்றினும் பெரிய ஓராண்டுக் குஞ்சுகளையும் வாங்க வேண்டும். விலை கூடுதலாயினும் இழக்காத காலமே நமக்கு லாபம். மணிமுத்தாறு போன்ற இடங்களிலுள்ள அரசு மீன்விதைப் பண்ணைகளில் முன்கூட்டியே சொல்லி வைத்தல் நலம்.

பெருமழை தணிந்து, மறுகால் பாய்வது நின்ற பிறகு, கார்த்திகை நடுவில் குஞ்சு விடலாம். அதிகாலையோ மாலையோ ஏற்ற வேளை. குஞ்சு வந்த பையை வாய் கட்டியபடியே அரை மணி நேரம் குட்டை நீரில் மிதக்க விட்டு, பின்னர் சிறிது சிறிதாகக் குட்டை நீரைப் பைக்குள் கலந்து, குஞ்சுகள் தாமாக நீந்தி வெளியேறும்படி விட வேண்டும். சட்டெனக் கொட்டிவிட்டால் நீரின் சூட்டு மாற்றத்தைத் தாங்காமல் பல குஞ்சுகள் மாண்டுபோகும்.

உணவும் கவனிப்பும்

தவிடும் கடலைப் பிண்ணாக்கும் சம எடையாகக் கலந்து, நீர் விட்டுப் பிசைந்து, தட்டில் வைத்து ஒரே இடத்தில், ஒரே வேளையில் கொடுக்க வேண்டும். தொடக்கத்தில் மீனின் மொத்த எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கும், வளர்ந்த பின் மூன்று பங்கும் போதும். நம் குட்டையில் உள்ள 95 குஞ்சும் ஒவ்வொன்று பத்துக் கிராம் இருந்தால், நாளொன்றுக்கு 50 கிராம் உணவே தேவை. இரண்டு மணி நேரத்துக்குப் பின் தட்டில் மிச்சம் இருந்தால் மறுநாள் குறைக்க வேண்டும். தின்னாத உணவு அடியில் அழுகி நீரைக் கெடுக்கும்.

நாள்தோறும் விடியற்காலையில் குட்டையைப் பார்ப்பது நல்ல பழக்கம். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூச்சுத் திணறினால், நீரில் பிராணவாயு குறைந்துவிட்டது என்று அறியலாம். உடனே உணவையும் உரத்தையும் நிறுத்தி, நீரை இறைத்துக் குட்டையிலேயே விழும்படி செய்ய வேண்டும். மாசிக்குப் பின், நீர் இறங்கும் காலத்தில், சாணம் இடுவதை அறவே விட்டுவிட வேண்டும்.

பயிருக்கா, மீனுக்கா?

தை மாதத்தில் பயிர் வாடும். அப்போது குட்டை நீரைப் பயிருக்கு இறைப்பதா, மீனுக்கு விட்டு வைப்பதா என்ற கேள்வி வீட்டில் எழும். இதனை அன்று பேசித் தீர்க்க முயன்றால் இரண்டும் கெடும். குட்டை வெட்டும்போதே தீர்த்துக்கொள்ள வேண்டிய செய்தி இது. குட்டையின் நடுவே அளவு குறித்த கல் ஒன்றை நட்டு, அடியிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் ஒரு கோடு இடுங்கள். அக்கோட்டுக்கு மேலுள்ள நீர் பயிருக்கு உரியது. கோட்டைத் தொட்டபின் பயிருக்கு நீர் எடுத்தால், அந்த வாரமே மீனைப் பிடித்துவிட வேண்டும். பயிர் செத்தால் ஓராண்டு வருவாய் போய்விடும். மீன் சிறிது சிறிதாயினும் உணவாகும். ஆகையால் முடை நேர்ந்தால் முதலில் காக்கப்பட வேண்டியது பயிரே.

பிடிக்கும் முறையும் வருவாயும்

மீனை ஒரே நாளில் பிடித்து முடிக்க வேண்டிய அவசியம் இல்லை. பங்குனி தொடக்கத்திலிருந்து வாரந்தோறும் பெரிய மீன்களை மட்டும் வலையில் எடுத்து வந்தால், நீர் சுருங்கச் சுருங்க மீனின் நெருக்கமும் குறையும். எஞ்சியவை நன்கு பருக்கும். நீர் 90 சென்டிமீட்டருக்கு வந்ததும் மிச்சத்தை எல்லாம் பிடித்துவிட வேண்டும்.

வருவாயை மிகைப்படுத்திக் கூற நாம் விரும்பவில்லை. 95 குஞ்சில் 75 தங்கி, ஒவ்வொன்றும் சராசரி 300 கிராம் எடை கொண்டால் கிடைப்பது 22 கிலோ. எட்டு வாரங்களுக்குப் பகிர்ந்தால் வாரத்துக்கு இரண்டே முக்கால் கிலோ. காய்கறியும் கீரையும் அரிதாகும் கடுங்கோடையில் குழந்தைகளின் உணவில் அது பெரிய சேர்க்கை. அக்கம்பக்கத்தாருக்கு விற்கவும் சிறிது எஞ்சும். ஆனால் மீனை மட்டும் நம்பிக் கடன் வாங்கிக் குட்டை வெட்டுவது தகாது. நீருக்காகக் குட்டை, நீர் இருப்பதால் மீன். இந்த வரிசை மாறலாகாது.

நீர் வற்றிய குட்டையின் அடியில் படிந்திருக்கும் வண்டல், மீன் கழிவும் சாணச் சத்தும் சேர்ந்த நல்ல உரம். வைகாசியில் அதனை வழித்து நிலத்தில் பரப்பினால் குட்டையின் ஆழமும் மீளும். நிலமும் வளம் பெறும். அப்போதே கரையின் வெடிப்புகளை வெட்டித் திறந்து, மண் இட்டு, நீர் தெளித்துக் கெட்டித்துவிட வேண்டும்.

ஆண்டின் வேலைகள் சுருக்கமாக

சித்திரை முதல் ஆனி வரை: சோதனைக் குழி, குட்டை வெட்டுதல், பழைய குட்டையாயின் வண்டல் எடுத்தல், கரை செப்பனிடல்.
ஆடி, ஆவணி: வேலி, படி, மறுகால், வண்டல் குழி, புல் நடுதல். மீன்குஞ்சுக்குச் சொல்லி வைத்தல்.
புரட்டாசி, ஐப்பசி: முதல் மழையில் சேறடித்தல், நீர் தேக்குதல், கலங்கல் சோதனை, சாணம் இடுதல்.
கார்த்திகை: குஞ்சு விடுதல்.
மார்கழி முதல் மாசி வரை: உணவு, விடியற்காலைப் பார்வை, கோட்டுக்கு மேலுள்ள நீரைப் பயிருக்கு இறைத்தல்.
பங்குனி, சித்திரை: வாரந்தோறும் மீன் பிடித்தல், நீர் குறைந்ததும் முழுவதும் எடுத்துவிடல்.

மண், நீர்ச் சோதனைகளுக்கும் குஞ்சு பெறும் வழிகளுக்கும் மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தையும், 1977ஆம் ஆண்டில் தூத்துக்குடியில் தொடங்கப்பெற்ற மீன்வளக் கல்லூரியையும், கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தையும் அணுகலாம். அரசு உதவித் திட்டங்கள் காலத்துக்குக் காலம் மாறுவன. ஆதலால் மண்வெட்டியை எடுப்பதற்கு முன்பே வட்டார அலுவலகத்தில் கேட்டறிந்துகொள்வது நலம்.

வானம் தருவதைக் கூட்ட நம்மால் இயலாது. தந்ததை அளந்து செலவிட நம்மால் இயலும். கார்த்திகையில் நிரம்பிய குட்டையைக் கண்டு மகிழும்போதே சித்திரையில் அதில் எவ்வளவு நீர் நிற்கும் என்று எண்ணிப் பார்ப்போமாயின், கரிசல் நிலத்துக் குட்டை பயிரையும் காக்கும். வீட்டுக்கு மீனும் தரும்.